மாவு மில் வீட்டுக்கு முப்பத்தொன்று

“வேலை முடிஞ்சுதும்மா” என்று இரண்டு தாள்களை மேசைமேல் வைத்தார் மாசிலாமணி. “உங்க வீட்டுக்கு எண்பத்தெட்டு. எதிர்த்தாப்பல இருக்கிற மாவு மில் வீட்டுக்கு முப்பத்தொண்ணு. ரொம்ப இழுத்துப் பார்த்துட்டேன். அதுக்கு மேல ஒரு மார்க்கூட ஏற மாட்டேங்குது.”

செண்பகவல்லி தாள்களைத் தொடவில்லை. ஏதோ ஒரு வரைபடத்தில் கோடு இழுத்துக்கொண்டிருந்தவர், கோட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“மழைத் தண்ணி எங்க போகுது, சர்வேயர் சார்?”

“எந்த வீட்ல?”

“ரெண்டு வீட்லயும்.”

மாசிலாமணி இரண்டு வீட்டிலும் அதைப் பார்த்திருக்கவில்லை. தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

*

மாசிலாமணிக்கு அறுபத்து மூன்று வயது. செண்பகவல்லிக்கு நாற்பத்து நான்கு. இருந்தாலும் மாசிலாமணிதான் சீடர்.

முப்பத்து மூன்று வருஷம் நில அளவைத் துறையில் இருந்தவர் மாசிலாமணி. ரோடு அகலமாகிற ஊருக்கெல்லாம் போய், வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் கோடு போடுவது அவர் வேலை. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பது இடிபடும். இத்தனை வருஷத்தில் ஒரு வீட்டைக்கூட அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் சுவரின் இடுப்பு உயரம் மட்டும்தான்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், நெடுங்கரை நூலகத்தில் பழைய வீடுகளின் புகைப்படங்களை மாட்டிவைத்திருந்தார்கள். ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டார். சுவரில் சிவப்புக் கோடு. அவர் போட்டதுதான். கோட்டுக்கு மேலே இருந்ததை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார். ஆள் உயர மர ஜன்னல், அதன் மேல் சுண்ணாம்பில் செய்த இரண்டு மயில்கள். படத்துக்குக் கீழே, ‘இப்போது இல்லை’ என்று எழுதியிருந்தது.

படத்தை எடுத்தவர் செண்பகவல்லி. பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் இன்ஜினியர். மாசிலாமணி விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனார்.

“எதை இடிக்கலாம், எதை இடிக்கக் கூடாதுன்னு பார்க்கக் கத்துக்கணும்மா.”

“உங்களுக்கு என்ன தெரியும்?”

“அளக்கத் தெரியும்.”

“அப்போ நாளைக்கு டேப்போட வாங்க” என்றார் செண்பகவல்லி.

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது.

*

இப்போது ஆற்றுக்குப் புதுப் பாலம் வருகிறது. பாலத்திலிருந்து இறங்கும் ரோடு, தெரு முனையில் எதிரெதிராக நிற்கும் இரண்டு வீடுகளுக்கு நடுவே புகுந்தாக வேண்டும். இருக்கிற இடம் போதாது. ரோட்டை ஒரு பக்கமாகக் கொஞ்சம் வளைக்கலாம். அதனால் ஒரு வீடு பிழைக்கும். ஒரு வீடு போகும்.

எது மிஞ்சவேண்டும் என்று சொல்லும்படி ஊரின் பழைய கட்டடங்களுக்கான கமிட்டியைக் கேட்டிருந்தார்கள். கமிட்டி செண்பகவல்லியைப் பார்த்தது.

“அதுல ஒண்ணு என் வீடு. நான் பார்க்கக் கூடாது. இவர் பார்ப்பார்” என்று மாசிலாமணியைக் காட்டினார் அவர்.

உறுப்பினர்கள் சிரித்துவிட்டார்கள். இதில் பார்க்க என்ன இருக்கிறது? செண்பகவல்லியின் வீடு ஊரின் அடையாளம். கூடத்தில் ஆறு தூண்கள், ஒவ்வொன்றிலும் கொடியும் கிளியுமாக மரவேலை. கல்யாணத்துக்கு முன்னால் ஜோடிகள் வந்து படம் பிடித்துக்கொண்டு போவார்கள். மாவு மில் வீட்டின் முகப்பிலோ பச்சை நிற பாத்ரூம் டைல்ஸ்.

மாசிலாமணிக்கும் அப்படித்தான் தோன்றியது. இருந்தாலும், ஃபாரத்தில் இருந்த ஐந்து கட்டங்களையும் ஒழுங்காக நிரப்பினார். வயது, முகப்பு, மரவேலை, அபூர்வம், இப்போதைய நிலைமை. ஒவ்வொன்றுக்கும் இருபது மார்க்.

மழைத் தண்ணிக்குக் கட்டம் இல்லை.

*

முதலில் செண்பகவல்லியின் வீட்டையே பார்த்தார். கஷ்டமில்லை. மொட்டை மாடியில் ஒரு மூலை, அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய், குழாயின் வாய் தெருச் சாக்கடையில்.

எழுதிக்கொண்டார். தெருவைக் கடந்தார்.

மாவு மில் வீட்டின் சொந்தக்காரர் தனக்கோடி. ஐம்பத்து மூன்று வயதுப் பெண்மணி. புருவமெல்லாம் மாவு. மில் சத்தத்தில் பேசிப் பழகியதால், மில் நின்றபிறகும் உரக்கத்தான் பேசுவார்.

“மறுபடியும் வந்துட்டீங்களாண்ணே? அன்னிக்கே எல்லாம் எழுதிக்கிட்டுப் போனீங்களே?”

“மழைத் தண்ணி எங்க போகுதுன்னு பார்க்கணும்.”

“அவ்வளவுதானே? வாங்க.”

கூடத்தில் ஒரு அண்டா. படுக்கும் அறையில் இரண்டு வாளி. சாமி படத்துக்கு நேர் கீழே ஒரு குண்டான்.

“இதுல போகுது, இதுல போகுது, இதுல போகுது. நிரம்பினதும் நான் தூக்கிட்டுப் போய்க் கொட்டுறேன். போதுமா?” என்றார் தனக்கோடி. “எப்ப இடிக்கிறாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கண்ணே. என் பொண்ணு கரூர்ல இருக்கா. மூட்டை கட்டி வச்சிருக்கேன்.”

“எப்பவுமே ஒழுகுமா?”

“நான் கல்யாணமாகி வந்தப்ப ஒரு சொட்டு விழாது. மில்லு வச்சு ஏழெட்டு வருஷம் கழிச்சு ஆரம்பிச்சுது.”

மாசிலாமணி அண்ணாந்து பார்த்தார். மேலே அட்டைப் பலகையில் பொய்க் கூரை. அதன் மேல் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவே இல்லை. ‘நிலைமை’ என்ற கட்டத்தில் மூன்று மார்க் போட்டது ஞாபகம் வந்தது.

“ஏணி இருக்காம்மா?”

*

வீட்டின் நடுவில் முற்றம். அதைச் சுற்றி நாலு பக்கமும் நாட்டு ஓட்டுக் கூரை உள்நோக்கிச் சரிந்து இறங்கியது. இரண்டு கூரைகள் சேரும் மூலைகளில் தண்ணீர் ஓட வாய்க்கால் இருக்கவேண்டும். மாசிலாமணி தேடினார்.

வாய்க்கால் இல்லை. வெள்ளையாகக் கல் மாதிரி ஏதோ இருந்தது. அதில் புல் முளைத்திருந்தது. புறாக்கள் உட்கார்ந்து கொத்திக்கொண்டிருந்தன.

விரலால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். மாவு.

மில்லின் குழாய் கூரைக்கு மேலே வந்து மாவுத் தூசியைக் கக்கியிருக்கிறது. அது மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, மறுபடியும் ஊறி, இத்தனை வருஷத்தில் பாறையாகிவிட்டது. வந்த தண்ணீர் போக வழியில்லாமல் ஓட்டுக்கு அடியில் புகுந்து வீட்டுக்குள் இறங்கியிருக்கிறது.

இறங்கி வந்தார். மறுநாள் காலையில் உளியும் சுத்தியலுமாக வந்தார்.

“என்னண்ணே இது?”

“வாய்க்காலைத் தேடப்போறேன்.”

“இடியப்போற வீட்லயா?”

மாசிலாமணி பதில் சொல்லாமல் ஏணியில் ஏறினார்.

முதல் நாள் ஒரு முழம்தான் முடிந்தது. இரண்டாம் நாள் கைவிரல் கொப்பளித்தது. துணியைச் சுற்றிக்கொண்டார். மில்லுக்கு வந்தவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தனக்கோடி மத்தியானம் ஏணியைத் தட்டிக் கூப்பிட்டு மோர் கொடுத்தார். அதோடு கொஞ்சம் திட்டும் கிடைத்தது.

“ரிட்டயரானா வீட்ல உட்கார மாட்டாங்களா ஆம்பளைங்க?”

மூன்றாம் நாள் சாயங்காலம் உளியின் சத்தம் மாறியது. மாவுப் பாறை ஒரு துண்டாகக் கழன்றது. கீழே பச்சை பூத்த செம்புத் தகடு. ஆணி இல்லை, ஒட்டு இல்லை. ஒரே தகட்டை மடித்து மூலை நீளத்துக்கும் பொருத்தியிருந்தார்கள்.

மாசிலாமணி அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஒரு வாரம் மற்ற மூன்று மூலைகள்.

*

கூரையிலிருந்து தண்ணீர் முற்றத்துக்கு வரும். அதற்கப்புறம்?

முற்றத்தில் சிமெண்ட் பூசியிருந்தது. குனிந்து ஒவ்வொரு அடியாகத் தட்டிக்கொண்டே வந்தார். வடகிழக்கு மூலையில் பொத்தென்று கேட்டது.

“உடைச்சுப் பார்க்கலாமா?”

“நான் வேணாம்னா விடவா போறீங்க? உடைங்க.”

சிமெண்டுக்கு அடியில் கல்லைத் தோண்டிச் செய்த தொட்டி. அதன் நிறைய ஆற்று மணல். தொட்டியின் ஒரு பக்கத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை. கையை விட்டார். தோள்வரை போயிற்று. காற்று சில்லென்று வந்தது.

“பின்னால என்ன இருக்கு?”

“கிணறு. இந்த முற்றத்துக்கு எங்க வீட்டுக்காரர் சிமெண்ட் போட்டாரே, அதிலிருந்தே அது சரியா ஊறுறதில்லை. கோடையில தண்ணி லாரிதான்.” சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாசிலாமணி ஒரு குடம் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார். இன்னொரு குடம். இன்னொன்று. மணல் குடித்துக்கொண்டே இருந்தது. தனக்கோடி கிணற்றடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

பத்தாவது குடத்துக்கு அப்புறம் கிணற்றடியிலிருந்து குரல் வந்தது. மில் ஓடியிருந்தாலும் கேட்டிருக்கும்.

“வருதுண்ணே! சுவத்துல ஒரு ஓட்டை வழியா வருது! தெளிஞ்சு வருது!”

*

“எழுபத்தாறு” என்றார் மாசிலாமணி.

முகத்தில் மாவும் மணலும் இருந்தன. கழுவிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. செம்புத் தகடு, மணல் தொட்டி, பொய்க் கூரைக்கு மேலே ஆணியில்லாமல் கோத்த தேக்குச் சட்டங்கள் என்று எல்லாவற்றையும் சொன்னார். “நூறு இருநூறு வீட்டுச் சுவர்ல கோடு போட்டிருக்கேன்மா. ஒண்ணுலயும் இப்படிப் பார்க்கலை. பார்த்திருந்தா...”

செண்பகவல்லி டம்ளரில் தண்ணீர் நீட்டினார்.

“ஆனா உங்க வீடு எண்பத்தெட்டு” என்றார் மாசிலாமணி, சமாதானமாக. “அதுக்கு ஆபத்தில்லை.”

“என் வீட்டுத் தூண் எதைத் தாங்குது?”

“இதென்ன கேள்விம்மா? கூரையைத்தான்.”

“பார்த்தீங்களா?”

மாசிலாமணி சிரித்தார். செண்பகவல்லி சிரிக்கவில்லை. மூலையில் சாத்தியிருந்த ஏணியை எடுத்துவந்து முதல் தூணின் பக்கத்தில் நிறுத்தினார். அப்புறம் தன் மேசைக்குப் போய் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

மாசிலாமணி ஏறினார். தூணின் தலையில் செதுக்கிய தாமரை. தாமரைக்கு மேலே உத்தரம். இரண்டும் சேரும் இடத்தில் மெல்லிய நிழல் தெரிந்தது. கையில் வேறு எதுவும் இல்லை, மார்க் போட்ட ஃபாரம்தான் இருந்தது. அதன் விளிம்பை அந்த நிழலில் வைத்தார்.

தாள் உள்ளே போயிற்று.

தடங்கல் இல்லாமல் போய், அந்தப் பக்கம் வெளியே வந்தது. தூணுக்குப் பின்னால் ஒரு இரும்புக் கம்பி. தூண் விழாமல் சுவரோடு பிடித்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது தூண். மூன்றாவது. ஆறு தூணுக்கும் ஏணியை மாற்றி மாற்றிப் போட்டு ஏறினார். ஆறிலும் தாள் போயிற்று.

உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார். மேலே மரப்பலகை, உள்ளே கான்கிரீட்.

*

இறங்கி வந்தவர் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?”

“பத்து வயசுலேர்ந்து. அப்பா இந்தத் தூணையெல்லாம் லாரியில கொண்டுவந்து இறக்கினார். எங்கேயோ ஒரு வீட்டை இடிச்சிருக்காங்க, இவர் வாங்கிட்டார். பழைய வீட்டுக்குள்ள கான்கிரீட் போட்டு, மேல பலகை அடிச்சு, தூணை நிறுத்தினார். அவருக்கு ரொம்ப ஆசை.” கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். “அழகாத்தான் இருக்கு.”

“இதைக் கமிட்டியில நீங்களே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேன், போன வருஷம். தன்னடக்கம்னு கை தட்டினாங்க.”

மாசிலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை.

“நான் இதை எழுத மாட்டேன்மா.”

செண்பகவல்லி அவரையே பார்த்தார்.

“யோசிச்சுப் பாருங்க. அந்த அம்மா மூட்டை கட்டி வச்சுட்டு, எப்போ இடிப்பாங்கன்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க. நீங்க இங்கேதான் பிறந்தீங்க, இங்கேதான் இருக்கணும்னு ஆசைப்படுறீங்க. போகணும்ங்கிறவங்க வீடு போகட்டும். இருக்கணும்ங்கிறவங்க வீடு இருக்கட்டும். யாருக்கு நஷ்டம்?”

“யாருக்கு இருக்கணும், யாருக்குப் போகணும்னு கமிட்டி கேட்டுக்கும். உங்களைக் கேட்டது வேற.”

“என்ன கேட்டாங்க?”

“அந்த வீடு என்ன, இந்த வீடு என்னன்னு கேட்டாங்க.”

மாசிலாமணி எழுந்தார். செருப்பைப் போட மறந்து வாசல்வரை போய், திரும்பி வந்து போட்டுக்கொண்டு போனார்.

*

நாலு நாள் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

வீட்டில் ஃபாரத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருவார். தூணின் கொடியும் கிளியும் உண்மைதானே? யார் வீட்டுத் தூணாக இருந்தால் என்ன? மரவேலைக்கு இருபதுக்குப் பதினெட்டு என்று எழுதுவார். அப்புறம், தாள் அந்தப் பக்கம் வெளியே வந்தது நினைவுக்கு வரும். அடிப்பார்.

ஒருமுறை எண்பது என்று கூட்டல் வந்தது. ஒருமுறை எழுபத்தேழு. எழுபத்தாறைவிட ஒன்று கூடுதல். அந்த எழுபத்தேழை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தாளைக் கிழித்துப் போட்டார்.

“யார் உங்களை மிரட்டுறாங்க?” என்று அவர் மனைவி கேட்டார்.

“யாரும் மிரட்டலை. அதான் கஷ்டமா இருக்கு.”

ஐந்தாம் நாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை. குடையை எடுத்துக்கொண்டு அவர் நேரே மாவு மில் வீட்டுக்கு ஓடினார்.

மில் நின்றிருந்தது. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தார். இல்லை, விளக்கு எரிந்தது.

தனக்கோடி முற்றத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாலு மூலையிலிருந்தும் தண்ணீர் கயிறு மாதிரி இறங்கியது. முற்றத்தில் விழுந்து, வடகிழக்கு மூலைக்கு ஓடி, மணலில் மறைந்தது. கூடத்தில் அண்டா காய்ந்து கிடந்தது. வாளிகளும் குண்டானும் அப்படியே.

“சத்தம் கேக்கணும்னு மில்லை நிறுத்தினேன்” என்றார் தனக்கோடி. அவர் மெதுவாகப் பேசியதை மாசிலாமணி அன்றைக்குத்தான் கேட்டார்.

குடையை மடித்துச் சுவரோரம் சாத்தினார்.

“அந்தப் பேப்பர்ல எங்க வீட்டுக்கு என்ன போட்டிருக்கீங்க?”

“முன்னே முப்பத்தொண்ணு. இப்போ எழுபத்தாறு.”

“பாஸா?”

“பாஸ்.”

தனக்கோடி மழையைப் பார்த்தார். “இடிக்கலைன்னா மில்லை என்ன பண்றது? மறுபடியும் மாவு போய் அடைக்குமே.”

“பின்கட்டுக்கு மாத்திக்கலாம். குழாயைக் கொல்லைப் பக்கமா விட்டா கூரைக்கு வராது. நான் அளந்து தர்றேன்.”

“அளந்துட்டுத்தான் இருக்கீங்க நீங்களும்.” தனக்கோடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “யோசிச்சுச் சொல்றேன். இப்ப உடனே கேக்காதீங்க.”

*

மாசிலாமணி தெருவைக் கடந்து போனபோது பாதி நனைந்திருந்தார். தனக்கோடியின் கூடத்திலேயே உட்கார்ந்து எழுதி முடித்த தாள் மட்டும் பைக்குள் நனையவில்லை. ஈரக் கையோடு அதைச் செண்பகவல்லியின் மேசைமேல் வைத்தார்.

“உங்க வீட்டுக்கு நாற்பத்திரண்டு.”

செண்பகவல்லி இந்த முறை தாளை எடுத்தார். முதல் வரியிலிருந்து படித்தார். தூண்கள் கூரையைத் தாங்கவில்லை; வேறு வீட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவை. உத்தரம் கான்கிரீட். மழை நீர் குழாய் வழியாகச் சாக்கடைக்கு. ஒன்றைக்கூட அவர் விடவில்லை. முடிவில், இரண்டில் ஒன்றைத்தான் காக்க முடியும் என்றால் மாவு மில் வீட்டைக் காக்கவேண்டும் என்று எழுதியிருந்தார்.

கூடத்தில் மழைச் சத்தம் கேட்கவில்லை. கான்கிரீட் கூரை அதை உள்ளே விடவில்லை.

செண்பகவல்லி இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். கடைசி வரியில் விரலை வைத்தார். விரல் நகராமல் அங்கேயே நின்றது.

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார். கேள்வி வரும் என்று தெரியும். கோபம் வந்தாலும் வரட்டும் என்று நின்றார்.

“சார்.”

“சொல்லுங்கம்மா.”

“கையெழுத்துப் போடலை.”

பேனாவை நீட்டினார்.

மாசிலாமணி வாங்கினார். மூடியைத் திறக்க இரண்டு முறை முயன்றார். மூன்றாவது முறை திறந்தது. முழுப் பெயரையும் எழுதினார், தேதியும் போட்டார்.

*

வெள்ளிக்கிழமை கமிட்டி கூடியது. அவர் நின்றுகொண்டே வாசித்தார். பாதியில் ஒரு உறுப்பினர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“என்னய்யா பேசுறே? யார் வீட்டைப் பத்தின்னு தெரிஞ்சுதான் பேசுறியா?”

“தெரிஞ்சுதான் சார்.”

“உனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்ததே அந்த அம்மாதானே?”

“ஆமா சார். இன்னும் ஒரு பக்கம் இருக்கு. வாசிச்சுடறேன்.”

வாசித்து முடித்தார். அதற்குப் பிறகு எல்லாரும் மாவு மில் வீட்டுக்குக் கிளம்பிப் போனார்கள். தனக்கோடி ஒரு குடம் தண்ணீரோடு முற்றத்தில் காத்திருந்தார். வந்தவர்களைக் கிணற்றடியில் நிற்கவைத்துத் தானே ஊற்றிக் காட்டினார். எழுந்து கத்திய உறுப்பினர்தான் முதலில் கிணற்றை எட்டிப் பார்த்தார்.

போகும்போது, கமிட்டிக்குத் தலைவரான சப்-கலெக்டர் தனக்கோடியிடம் கேட்டார். “உங்களுக்கு இங்கே இருக்க இஷ்டமாம்மா?”

“மில்லைப் பின்கட்டுக்கு மாத்த விடுவீங்களா?”

“விடுவோம்.”

“அப்போ இருக்கேன்.”

ரோடு செண்பகவல்லியின் வீட்டுப் பக்கம் வளைவது என்று முடிவாயிற்று.

*

தை பிறந்து இரண்டாம் வாரம் இடிக்கும் இயந்திரம் வந்தது.

வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. செண்பகவல்லி இரண்டு தெரு தள்ளி வாடகைக்குப் போய்விட்டார். தூண்களை ஒரு ஹோட்டல்காரர் வந்து எடுத்துக்கொண்டு போனார். அவருக்கும் கூரையைத் தாங்க அவை வேண்டியிருக்கவில்லை.

மாசிலாமணி விடிந்ததும் வந்துவிட்டார். செண்பகவல்லி தெருவில் நின்றுகொண்டிருந்தார்.

இயந்திரக்காரர் இறங்கி வந்தார். “அம்மா, சாவி கொடுங்க. கேட்டு பூட்டியிருக்கு.”

செண்பகவல்லி தன் கையைப் பார்த்தார். சாவி உள்ளங்கையில் இருந்தது. எத்தனை நேரமாகப் பிடித்திருந்தாரோ, தோலில் அதன் பல் பதிந்திருந்தது.

“பழக்கத்துல பூட்டிட்டேன் போல” என்று கொடுத்தார்.

மாசிலாமணி அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“கஷ்டமா இருக்காம்மா?”

“இருக்கு.”

செண்பகவல்லி கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அது வழிந்தபடி இருந்தது.

இயந்திரத்தின் கை உயர்ந்தது. முன்சுவர் ஒரே அடியில் உட்கார்ந்தது. தூசி தெரு முழுக்கப் பரவியது. மாவு மில் வாசலில் நின்றவர்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள். கூடம் போயிற்று. தூசிக்குப் பின்னால் வீட்டின் கடைசிச் சுவர் தனியாகத் தெரிந்தது. அப்பா தொடாமல் விட்ட பழைய பின்சுவர். அதன் ஒரு மூலை உடைந்து, உள்ளே இருப்பது வெளியே தெரிந்தது.

செண்பகவல்லி கையை உயர்த்தி இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார்.

“அந்தச் சுவர் எதுல கட்டினதுன்னு எனக்கு முப்பது வருஷமா சந்தேகம்” என்றபடி இடிபாட்டுக்குள் இறங்கினார். “டேப்பை எடுத்துக்கிட்டு வாங்க சார். இன்னிக்கு மட்டும்தான் உள்ளே பார்க்க முடியும்.”